முன்னாள் மாணவர் உறவு: அலுவலகமா, சங்கமா, அறக்கட்டளையா?

உயர்கல்வியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் தேதி நெருங்கும்போதுதான் பல கல்வி நிறுவனங்களுக்கு முன்னாள் மாணவர்களின் நினைவு வரும். பதிவுபெற்ற முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறதா, அது நிறுவனத்துக்கு என்ன செய்தது என்று அந்த மதிப்பீட்டில் ஒரு பகுதியே உண்டு. கோப்பைத் தேடினால் சங்கம் இருக்கும். செயலாளர் ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குப் போயிருப்பார், பாஸ்புக் யாரிடம் என்று தெரியாது. இன்னொரு பக்கம் ஐஐடி மெட்ராஸ், 2023-24 நிதியாண்டில் முன்னாள் மாணவர்கள், நிறுவனங்கள், தனிநபர்கள் என எல்லோரிடமும் சேர்த்து 513 கோடி ரூபாய் திரட்டியது. 1970இல் அங்கே எம்.டெக். முடித்த கிருஷ்ணா சிவுகுலா 2024 ஆகஸ்டில் தனியாளாக 228 கோடி கொடுத்தார். இந்தச் செய்தியை யாராவது ஆட்சிக்குழுக் கூட்டத்தில் எடுத்துப் படிப்பார். 'நம்மிடமும்தான் லட்சம் பேர் படித்துப் போயிருக்கிறார்கள்' என்பார் இன்னொருவர். சரி, அமைப்பையே மாற்றிவிடலாம் என்று முடிவாகும். எப்படி மாற்றுவது என்பதில்தான் இழுபறி.

கையில் இருப்பவை நாலு வழிகள். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு டீன் தலைமையில் முழு அலுவலகம் வைப்பது. தனியாகப் பதிவு செய்த சங்கத்திடம் பொறுப்பைக் கொடுப்பது. நிதி திரட்டலையும் முன்னாள் மாணவர் உறவையும் ஒன்றாக்கி ஓர் அறக்கட்டளையோ லாபநோக்கற்ற நிறுவனமோ தொடங்குவது. எதையும் தொடங்காமல் பேட்ச் குழுக்களிடமே விட்டுவிடுவது. இவற்றை எடைபோட நான் வைத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: படித்து முடித்துப் போனவர் எதற்காகத் திரும்பி வருகிறார்? அவரிடமிருந்து நமக்கு என்ன வேண்டும் என்று தொடங்குகிற எந்த அமைப்பும் ரொம்ப நாள் ஓடாது.

யார், எதற்காக வருகிறார்?

விழாவுக்கு வருபவர் கொஞ்சம். நன்கொடையோடு வருபவர் அதைவிடக் கொஞ்சம். பெருங்கூட்டமாக வருவது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் பிரிவுக்கு. கனடா போக, வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோடும் வெஸ் அமைப்பின் மதிப்பீட்டுக்கு டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா செமஸ்டர் மதிப்பெண்களும் சேர்ந்த சான்று, வேண்டும். வேலைக்கு எடுத்த நிறுவனம் பட்டத்தின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கக் கேட்கும். மேற்படிப்புக்குப் பயிற்றுமொழிச் சான்று, வெள்ளத்தில் போன மதிப்பெண் பட்டியலுக்கு நகல் என்று தேவைகள் நீளும்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு நாள் லீவு போட்டு வருகிறார் என்று வையுங்கள். எட்டு செமஸ்டருக்கும் மதிப்பெண் பட்டியல் நகல் எடுத்து, படிவத்தை நிரப்பி, டிடி இணைத்து ஜன்னலில் நீட்டுகிறார். 'எந்த வருஷம்? இந்த ரெகுலேஷன் லெட்ஜர் மாடியில இருக்கு, அந்த செக்‌ஷன் சார் இன்னிக்கு வரல, திங்கட்கிழமை வாங்க' என்று பதில். திங்கட்கிழமைக்கு இன்னொரு லீவு. ஒருவழியாக உறை ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். அந்த மாதமே அவருக்கு ஒரு குறுஞ்செய்தி: 'நமது பல்கலைக்கழகத்தின் பெருமைமிகு முன்னாள் மாணவரே, சங்கமிப்போம் வாருங்கள்.' அவர் போவாரா?

பல்கலைக்கழகம் தன் முன்னாள் மாணவரோடு நேருக்கு நேர் பேசும் இடம் பெரும்பாலும் அந்த ஜன்னல் மட்டும்தான். அமைப்பை மாற்றுகிறவர்கள் விழா மேடையிலிருந்து திட்டம் போடுகிறார்கள். நான் ஜன்னலிலிருந்து போடச் சொல்கிறேன்.

உள் அலுவலகம்

அப்படிப் பார்த்தால் முதல் வழிக்கு உடனே ஒரு மதிப்பெண் கூடும். டிரான்ஸ்கிரிப்ட் பிரிவை இணையவழி ஆக்கச் சொல்லவும், கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்கவும் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் அதிகாரியால்தான் முடியும். வெளியிலிருக்கும் சங்கத் தலைவர், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், பிரிவு அலுவலரிடம் கெஞ்சத்தான் முடியும். நூலக அனுமதி, விருந்தினர் விடுதி, விளையாட்டு மைதானம், பிளேஸ்மென்ட் பிரிவு, எல்லாச் சாவியும் உள்ளேதான் இருக்கிறது. மாணவர் பட்டியலும் உள்ளேதான். ஐஐடி மெட்ராஸ் இதற்கென்று டீன் பதவியே வைத்திருக்கிறது.

ஆனால் ஐஐடியைப் பார்த்து அதே பெயர்ப்பலகையை மாட்டும் இடங்களில் பின்னால் ஆள் இருப்பதில்லை. 'கூடுதல் பொறுப்பு' என்ற இரண்டு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். இயற்பியல் பேராசிரியர் ஒருவருக்கு என்எஸ்எஸ், விடுதி வார்டன் பொறுப்புகளோடு இதையும் சேர்த்துத் தருவார்கள். அவருக்கு வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பு. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் பதவிக்காலம் மூன்றாண்டு. அவர் போனதும் இயக்குநர் மாறுவார், புதியவர் பழைய எக்செல் கோப்பைத் தேடுவார். பதவி காலியாகவே கிடக்கும் காலத்தில் கையெழுத்துப் போடக்கூட ஆளிருக்காது.

இன்னொரு குறை, இந்த அலுவலகத்தால் 'முடியாது' என்று சொல்ல முடியாது. பட்டமளிப்பு விழாவுக்கு யாரையாவது பிரபலத்தைப் பிடித்துத் தரச் சொன்னால் பிடிக்க வேண்டும். கட்டண உயர்வைப் பற்றியோ பாடத்திட்டம் பழையதாகிவிட்டதைப் பற்றியோ முன்னாள் மாணவர்கள் பேசினால் அதை மேலே கொண்டுபோகிற தைரியம் சம்பளம் வாங்குபவருக்கு எப்படி வரும்? நாளடைவில் பொன்னாடை, நினைவுப் பரிசு, விமான நிலையத்துக்குக் கார் என்று ஒரு வரவேற்புப் பிரிவாகவே ஆகிவிடும்.

தனிச் சங்கம்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். துணை விதிகள், செயற்குழு, ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, வருடாவருடம் பதிவாளருக்கு விவரம் தாக்கல். செலவு குறைவு, அனுமதி வாங்க அலைய வேண்டியதில்லை. துணைவேந்தர் மாறினாலும் சங்கம் இருக்கும். கல்லூரி நிலத்துக்கு ஆபத்து வந்தால் வழக்குப் போடவும், நிர்வாகத்தோடு மோதவும் அதற்குத்தான் முதுகெலும்பு உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கான கேல் முன்னாள் மாணவர் சங்கம் இன்றும் தனி அமைப்பாகவே இயங்குகிறது.

தமிழர்களுக்கு இன்னும் பக்கத்து உதாரணம் யாழ்ப்பாணம். யாழ் இந்துக் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி போன்ற பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் கொழும்பு, லண்டன், கனடா, ஆஸ்திரேலியா என்று கிளை விட்டிருக்கின்றன. ஊரைவிட்டுச் சிதறியவர்கள் போன இடத்திலெல்லாம் சங்கம் வைத்தார்கள். ஒவ்வொரு கிளையும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி நிற்கிறது, ஆண்டு விருந்து வைக்கிறது, பணம் சேர்த்து ஊருக்கு அனுப்புகிறது. எந்தப் பல்கலைக்கழக அலுவலகமும் சுற்றறிக்கை விட்டு இதைச் செய்திருக்க முடியாது. இந்த அமைப்புக்கு உள்ளேயே இருக்கிற சிக்கல் ஒன்றும் உண்டு: கிளைகள் பெருகினால் முன்னுரிமைகளும் பெருகும். ஒரு கிளைக்கு மண்டபம் பெரிது, இன்னொன்றுக்குக் கிரிக்கெட் ஆடுகளம், அதிபருக்குத் தேவை இரண்டு கணித ஆசிரியர்கள். ஒருங்கிணைக்க யாராவது ஒருவர் வேண்டும்.

தமிழ்நாட்டுச் சங்கங்களின் நோய் வேறு. செயற்குழுவைப் பாருங்கள்: அறுபதைக் கடந்த ஆண்கள். பெண்கள் பாதிக்கு மேல் படிக்கும் கல்லூரியிலும் செயற்குழுவில் ஒரே ஒரு பெண், அதுவும் இணைச் செயலாளர். குடியரசு தினத்தன்று காலை கொடியேற்றிய கையோடு பொதுக்குழு. பதிவு மேசையில் கழுத்தில் மாட்டும் அட்டையில் பேட்ச் வருடத்தை ஸ்கெட்ச் பேனாவால் எழுதித் தருவார்கள். 1978, 1981, 1984 அட்டைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். கடந்த பத்தாண்டில் முடித்தவர் யாராவது வந்திருந்தால் அவர் அங்கேயே உதவிப் பேராசிரியராக இருப்பவர். ஆண்டறிக்கை, வரவு செலவு, தலைவர் உரை, நன்றியுரை, சாப்பாடு. முந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவர் தான் படித்த வகுப்பறையைப் பார்க்கலாம் என்று போனால் விடுமுறை என்று பூட்டியிருக்கும்.

காகிதத்தில் மட்டும் உறுப்பினர் எண்ணிக்கைக்குக் குறைவே இருக்காது. கடைசி செமஸ்டர் கட்டணத்தோடு ஆயுள் சந்தாவையும் பிடித்துவிடும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. ஒரு கணக்குப் போடுவோம். வருடம் 1,200 பேர் முடிக்கும் கல்லூரியில் ஆளுக்கு 500 ரூபாய் என்றால் 6 லட்சம். மாதம் 25,000 சம்பளத்தில் இரண்டு முழுநேர ஊழியர்களை வைத்தால் வருடத்துக்கு அதே 6 லட்சம்தான். அதாவது, பிடிக்கிற பணத்தைக் கொண்டே ஒரு சின்ன அலுவலகம் நடத்தலாம். நடப்பது என்னவென்றால் அது வைப்புநிதியாகி வட்டி வாங்குகிறது, வட்டியில் ஆண்டு விழாச் சாப்பாடு நடக்கிறது. கொடுத்த பையனுக்குக் கிடைத்தது ஒரு ரசீது, சில இடங்களில் அதுவும் கிடையாது.

நிதி திரட்டலோடு ஒன்றாக

மூன்றாவது வழிக்கு எல்லோரும் காட்டுவது அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தை. அங்கே முன்னாள் மாணவர் சங்கம் 1861இலேயே தொடங்கியது, நிதி திரட்டும் அறக்கட்டளை 1945இல் வந்தது. இரண்டும் தனித்தனியாக ஓடி, 2014இல் ஒரே அமைப்பாக இணைந்தன. ஒரே பட்டியல், ஒரே நிர்வாகம், ஒருவரையே இரண்டு பேர் கூப்பிட்டுத் தொல்லை கொடுக்கும் நிலை இல்லை. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இணைவதற்கு முன் இரண்டு பக்கமும் பல பத்தாண்டு அனுபவமும் முழுநேர ஊழியர்களும் இருந்தார்கள். நம்மூரில் இணைக்கச் சொல்லும்போது, ஒன்றுமில்லாததையும் தூங்கிக்கொண்டிருப்பதையும் இணைக்கிறோம்.

இதில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம் இதுதான்: பணம் கேட்பவரும் நலம் விசாரிப்பவரும் ஒரே ஆளானால், நலம் விசாரித்தாலே பணம் கேட்கப்போகிறார் என்று தோன்றும். இருபத்திநாலு வயதில் முதல் வேலை தேடிக்கொண்டிருப்பவர் அந்த அமைப்பின் கண்ணில் படவே மாட்டார். வெள்ளிவிழா கொண்டாடும் பேட்ச்சில் வசதியான பத்துப் பேர்தான் அதற்கு முன்னாள் மாணவர்கள். அமெரிக்காவில் இத்துறையின் தாய் அமைப்பான கேஸ்கூட ஈடுபாட்டை அளக்கும்போது நன்கொடையோடு நிறுத்துவதில்லை. தன்னார்வ உழைப்பு, நிகழ்வுகளில் கலந்துகொள்வது, தகவல் தொடர்பில் பதில் தருவது என்று மேலும் மூன்றைச் சேர்த்து எண்ணச் சொல்கிறது.

சட்டச் சிக்கலும் சாதாரணமில்லை. ஒரே பேட்ச்சில் மூன்று நண்பர்கள், ஆளுக்குப் பத்தாயிரம் அனுப்புகிறார்கள். ஒருவர் மதுரையில் இருக்கிறார், பிரச்சினை இல்லை. அடுத்தவர் துபாயில், கையில் இந்திய பாஸ்போர்ட். வங்கி வழியாகத் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மூன்றாமவர் நியூ ஜெர்சியில் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவோ முன்அனுமதியோ இல்லாத சங்கத்தின் சாதாரணக் கணக்கில் அதை வாங்கினால் விதிமீறல். பதிவு வாங்க, அமைப்பு மூன்றாண்டாவது இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் தன் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றவும் கூடாது. சங்கம் வாங்கிப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்ற பழைய யோசனை இந்தக் கடைசி விதியோடு முடிந்துபோயிற்று.

சட்டத்தால் அமைக்கப்பட்டு, மத்திய தலைமைத் தணிக்கையாளரின் (சிஏஜி) தணிக்கை கட்டாயமாக உள்ள அமைப்புகளுக்கு உள்துறை அமைச்சகம் எஃப்சிஆர்ஏவிலிருந்து விலக்கு தந்திருக்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த ஐஐடிகள் இந்த வகை. அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற தனி அறக்கட்டளைகளும் அவற்றுக்கு உண்டு என்பதால் அங்கிருந்து கொடுப்பது எளிது. மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் தன் கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் இந்த விலக்கைப் பற்றிப் பேச வேண்டும். உள்ளூர் நன்கொடையாளருக்கும் ஒன்று சொல்லிவிடுவது நல்லது: 80ஜி என்று பழகிப்போன வரிக்கழிவு பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. 'வரி விலக்கு உண்டு' என்று துண்டறிக்கையில் பெரிதாகப் போட்டுவிட்டு, பிறகு ஆடிட்டர் முன் நிற்கும் முன்னாள் மாணவரிடம் திட்டு வாங்காதீர்கள்.

பேட்ச்சிடமே விடுவது

எந்தத் தீர்மானமும் இல்லாமலே உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். வாட்ஸ்அப் வந்ததிலிருந்து பேட்ச் குழு இல்லாத வகுப்பு அரிது. உடன் படித்தவருக்கு மாரடைப்பு என்றால் ஒரே இரவில் மருத்துவமனைச் செலவைத் திரட்டுகிறார்கள். வாத்தியார் இறந்தால் அரை மணியில் செய்தி பரவுகிறது. கல்லூரி அலுவலகத்துக்கு அது மறுநாள் பேப்பர் பார்த்துத்தான் தெரியும்.

பணம் என்று வந்தாலும் பேட்ச்தான் வண்டியை இழுக்கிறது. ஐஐடி பம்பாயின் 1998 பேட்ச், வெள்ளிவிழாவையொட்டி 2023 டிசம்பரில் 57 கோடி ரூபாய் அறிவித்தது. அந்த நிறுவனத்தில் ஒரு பேட்ச் கூட்டாகக் கொடுத்ததில் அதுவரை அதுதான் பெரியது. ஒரு கடிதத்தால் கரையாதவர், விடுதியில் அடுத்த அறையில் இருந்தவன் கூப்பிட்டால் கரைவார். நிறுவனத்தின் மேல் உள்ள பாசம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி நண்பர்கள் மேல் உள்ள பாசம்தான்.

குறை எங்கே என்றால், எல்லா பேட்ச்சுக்கும் சுறுசுறுப்பான அட்மின் வாய்ப்பதில்லை. மாலை நேரக் கல்லூரி, தொலைநிலைக் கல்வி, எம்.ஃபில்., பி.எச்டி. முடித்தவர்கள், பாதியில் நின்றவர்கள் ஆகியோருக்கு பேட்ச் என்று ஒன்று கிடையாது. தேர்தல் நேரத்தில் குழு இரண்டாக உடையும். பெண்கள் தனிக்குழு வைத்திருப்பார்கள், அது இருப்பதே ஆண்களுக்குத் தெரியாது. பத்து வருடம் கழித்து அட்மின் போனை மாற்றினால் வரலாறும் போகும்.

எது யாருக்கு

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: யார் நம் முன்னாள் மாணவர்? 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வாங்கியவர்களில் ஏராளமானோர் சேப்பாக்கம் வளாகத்துக்குள் கால் வைத்ததில்லை. மாநிலக் கல்லூரி, லயோலா, கிறித்தவக் கல்லூரி என்றுதான் தம்மைச் சொல்லிக்கொள்வார்கள். 2001இலிருந்து பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பின் கீழ் வந்தன. திருநெல்வேலிப் பக்கத் தனியார் கல்லூரியில் படித்தவருக்கு கிண்டி என்றால் டிகிரி சர்டிஃபிகேட்டில் இருக்கும் கையெழுத்து மட்டும். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பாருங்கள். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியும், 1944இன் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் (ஏ.சி. டெக்), 1949இன் குரோம்பேட்டை மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியும் (எம்ஐடி) 1978இல் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. எம்ஐடிக்காரரிடம் 'நீங்கள் அண்ணா யுனிவர்சிட்டியா?' என்று கேட்டால் 'எம்ஐடி' என்று திருத்துவார். இதை ஒற்றை அடையாளமாகக் கரைக்கும் எந்தச் சீரமைப்பும் உள்ளதையும் கெடுக்கும். இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் தரவேண்டியது நல்ல டிரான்ஸ்கிரிப்ட் சேவை மட்டுமே. உறவை அந்தந்தக் கல்லூரி பார்த்துக்கொள்ளட்டும்.

சொந்த வளாகத்தில் மாணவர்கள் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு என் பரிந்துரை: அலுவலகமும் சங்கமும் இரண்டும் இருக்கட்டும், வேலையைப் பிரித்துக் கொடுங்கள். சேவையும் பட்டியலும் அலுவலகத்திடம். குரலும் தேர்தலும் சங்கத்திடம். இரண்டுக்கும் நடுவே பேட்ச்சுக்கு இரண்டு பிரதிநிதிகள், அதில் ஒருவர் கட்டாயம் பெண். அவர்களை டீன் நியமிக்கக் கூடாது, பேட்ச்சே சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் வாட்ஸ்அப் அட்மின்களே வருவார்கள், வரட்டும்.

நூறாண்டு கடந்த உதவிபெறும் கல்லூரிகளுக்கு வேறு பதில். அங்கே சங்கம்தான் பலம், அலுவலகம் வைக்கப் பணியிடமும் கிடையாது. சங்கமே இரண்டு ஊழியர்களை வைத்து, கல்லூரி ஓர் அறையும் பட்டியலும் தரட்டும். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் உள் அலுவலகமே போதும். அங்கே சங்கம் என்று ஒன்றை வைத்தாலும் அதன் தலைவரை நிர்வாகம்தான் தேர்ந்தெடுக்கப்போகிறது, எதற்கு நாடகம்? அறக்கட்டளையை மூன்று வகையினருமே தள்ளிப்போடலாம். பட்டியலும் பேட்ச் பிரதிநிதிகளும் சில வருடம் ஒழுங்காக நடந்த பிறகு, கேட்டால் கொடுப்பார்கள் என்று தெரிந்த பிறகு தொடங்கினால் போதும்.

பட்டியல்

எந்த வழி என்றாலும் பாதி வேலை இதில்தான். பழைய கோப்பைத் திறந்தால், கைப்பேசி எண் என்ற இடத்தில் சேர்க்கையின்போது கொடுத்த அப்பாவின் எண் இருக்கும். மின்னஞ்சல், கல்லூரியே கொடுத்தது, படிப்பு முடிந்ததும் கல்லூரியே மூடியது. தொடர்பை நாமே அறுத்துவிட்டு ஆளைக் காணோம் என்று தேடுகிறோம். அந்த முகவரியை ஆயுள் முழுக்க விட்டுவைப்பதில் சிரமம் இருந்தால், குறைந்தது வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் வசதியாவது செய்யலாம்.

பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது நம்மூரில் நடக்காது. மதிப்பெண் பட்டியலில் 'குமார் எஸ்' என்றிருப்பவர் பாஸ்போர்ட்டில் 'குமார் சுப்பிரமணியன்', அலுவலகத்தில் 'சுப்பிரமணியன் குமார்'. திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்களைச் சொல்லவே வேண்டாம். பதிவு எண்தான் மாறாதது, அதையே அடிப்படையாக வைக்க வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் விண்ணப்பத்தில் அந்த எண்ணும், புழக்கத்தில் இருக்கும் கைப்பேசி எண்ணும், இப்போது வேலை செய்யும் ஊரும் தானாக வந்து விழும். அவர் விரும்பிக் கொடுக்கும் புதுத் தகவல் அது. பட்டியலைப் புதுப்பிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு, எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறுவதும் அந்தப் படிவத்திலேயே முடிந்துவிடும். சான்றிதழுக்குக் கொடுத்த எண்ணை நன்கொடைக்குக் கூப்பிடப் பயன்படுத்தக் கூடாது என்பதால் தனித்தனிக் கட்டம் வையுங்கள். டிக் செய்யாதவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

செயலி வாங்குவதைப் பற்றி ஒரு வரி போதும்: பட்டியல் சரியில்லாமல் வாங்கும் எந்த மென்பொருளும் வீண்செலவு.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்

அலுவலகமும் சங்கமும் சேர்ந்து நடப்பதென்றால் எழுத்தில் வேண்டும். நல்ல மனிதர்கள் இருக்கும்வரை வாய்ப்பேச்சு ஓடும், அடுத்த துணைவேந்தரிடம் ஓடாது. பட்டியலின் மூலப்பிரதி அலுவலகத்திடம், ஆனால் ஒப்புதல் தந்தவர்களுக்குச் செய்தி அனுப்பும் உரிமை சங்கத்துக்கும் உண்டு, அதைத் தனி ஆணையால் நிறுத்த முடியாது என்று போடுங்கள். கடைசி செமஸ்டரில் பிடிக்கும் சந்தாவில் எவ்வளவு ஊழியர் சம்பளத்துக்கு, எவ்வளவு வைப்புநிதிக்கு என்று சதவீதத்தில் எழுதுங்கள். நன்கொடை ஒரே கணக்கில் வரட்டும். காசோலையில் பல்கலைக்கழக நிதி அலுவலரும் சங்கப் பொருளாளரும் இருவரும் கையெழுத்திடட்டும். சங்கத் தலைவருக்குத் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் கிடையாது. செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு கடந்த பதினைந்தாண்டில் முடித்தவர்கள்.

இதில் கடைசி இரண்டுக்கும் துணை விதிகளைத் திருத்த வேண்டும், அதற்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவர்களே அதற்குக் கை தூக்க வேண்டும் என்பதால் சீரமைப்பில் இதுதான் மிகவும் தாமதமாகும். அதுவரை காத்திருக்க வேண்டாம். டிரான்ஸ்கிரிப்ட் விண்ணப்பத்தை இணையத்துக்கு மாற்றவும், அந்த ஜன்னலில் முழுநேரமாக ஓர் ஆளை உட்கார வைக்கவும் யாருடைய தீர்மானமும் தேவையில்லை. பதிவாளர் கையெழுத்திட்டால் அடுத்த மாதமே நடக்கும்.